ஓரம் உடைந்த கிளிஞ்சல்

பழவேற்காட்டில் இளவேனில் சொல்லிக்கொண்டு வராது. முந்தின ராத்திரிவரை வாடைக்குப் போர்வையைத் தேடினேன். மறுநாள் விடிந்தால் முதுகெல்லாம் வேர்வை, தெற்கத்திக் காற்று. உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கட்டின கோட்டையோரத்து வேம்பு ஒரே நாளில் பூத்துக் கொட்டிக் கிடந்தது. அந்தக் காற்றில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் அந்த வெள்ளைக்காரர் கப்பலில் வேலைக்கு ஏறினார். அது மூன்றாவது இளவேனில். வெட்கமில்லாமல் அன்றும் இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.

காற்று திரும்பியதும் ஏரி இறால் கடலைப் பார்த்து நகரும். முகத்துவாரத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கொரு அடையாளம், அதைப் பானைக்குள் போட்டு எடுப்பார்கள். அவருடையது ஓரம் உடைந்த கிளிஞ்சல். ஆள் வராவிட்டாலும் ஒருவர் முறையில் இன்னொருவர் வலை இறக்கக்கூடாது.

குலுக்குமுன் அவருடைய அண்ணன் என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, இந்த வாட்டியும் அவன் கிளிஞ்சலைப் போடணுமா?"

"போடாம? வர்ற ஆளுக்கு முறை வேணாமா மாமா? காத்துதான் திரும்பிடுச்சே!" என்று சுள்ளென்று விழுந்தேன். எனக்கு வாய் நீளம். வேண்டாமென்று சொன்னால் அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

முந்தின இரண்டு வருஷமும் அந்தக் கிளிஞ்சல் கடைசியில்தான் வந்தது. அதற்குள் இறாலும் ஓய்ந்திருந்தது. இந்த முறை முதலில் வந்தது. மறுநாளே அவர் முறை.

விடிந்ததிலிருந்து கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். ஒரு கப்பல் பாய்கூடத் தெரியவில்லை. முகத்துவாரத்தில் இறால் துள்ளித் துள்ளிக் கடலுக்குப் போனது. ஆண்கள் எல்லோரும் சுருட்டிய வலையோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பாவிகள், யாராவது என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அத்தனை பேர் நடுவில் அப்படியொரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

பொழுது சாய்ந்ததும் எழுந்துபோய் அவருடைய அண்ணனிடம் கையை நீட்டினேன்.

"அந்தக் கிளிஞ்சலை என்கிட்டயே குடுத்துடுங்க மாமா. இனிமே பானையில போடவேணாம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். உலையில் ஒரு பிடி அரிசி மட்டும் போட்டேன்.