ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு

மூடிக் கிடக்கும் கடை எதுவானாலும், அதன் பூட்டைக் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். மருந்துக் கடை, தையல் கடை, கண்ணாடிக் கடை, செருப்புக் கடை என்று வரிசையாக இழுத்துக்கொண்டே காலையில் தன் பூட்டுக் கடைக்கு வந்து சேர்வார். யாரும் அவரிடம் இந்த வேலையை ஒப்படைத்ததில்லை. செருப்புக் கடைக்காரர் ஒருநாள் சீக்கிரம் வந்து, அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்னண்ணே, என் பூட்டு மேல சந்தேகமா?"

"பூட்டு மேல இல்லப்பா, உன் மேல. மூணாவது தடவையா கொண்டியில மாட்டாம சும்மா தொங்க விட்டுட்டுப் போயிருக்க."

அந்த வீதியில் அவர் தொடாத பூட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே கதவில், மேலொன்றும் கீழொன்றுமாகத் தொங்கின. வீதியின் கோடியில் நீலக் கதவு போட்ட ஓர் அறை அது. அதைக் கடக்கும்போது மட்டும் எதிர்ச்சாரியில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். அது அவருடைய கட்சியின் கிளை அலுவலகம். அந்தக் கிளைக்குச் செயலாளர் அவரேதான்.

வீதியில் அவருக்குப் பெயர் பூட்டு அண்ணன். அவர் கடை ஒரு கட்டிலின் அகலம்தான் இருக்கும். சுவர் முழுவதும் சாவிகள். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். பழுதுக்கு வரும் பூட்டை முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். என்ன எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சமையல் எண்ணெய் விட்டவர்களுக்கு வசவு நிச்சயம். "பூட்டை வதக்கிச் சாப்பிடப் போறீங்களா?"

முன்மேசையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். கடையை நடத்துவது அவர். பூட்டைத் திறப்பது மட்டும் இவர். கோபம் இல்லாதபோது கணவரை "என்னங்க" என்பார். கோபம் வந்தால் "செயலாளரே" என்பார். அவரும் கட்சி உறுப்பினர்தான். கூட்டத்தில் கணவரைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கிய ஒரே உறுப்பினரும் அவர்தான்.

நகராட்சித் தேர்தல் நடக்காமல் ஆண்டுகள் ஓடிவிட்டன. வார்டுக்கு உறுப்பினர் இல்லை. நகராட்சி மாடியில் ஓர் அதிகாரி உட்கார்ந்து எல்லா வார்டுகளையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஓர் அதிகாரியின் பெயர் வீதிக்குப் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அதனால் விளக்கு எரியாவிட்டாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் ஜனங்கள் பூட்டுக் கடைக்கு வருவார்கள். அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொள்வார், மனு எழுதிக் கொடுப்பார், திட்டினால் வாங்கிக்கொள்வார்.

"பெரிய எலெக்சன்ல ஜெயிச்சவனைத் திட்டணும்னா பஸ் ஏறிப் போகணும்" என்பார். "போனாலும் கதவுகிட்ட நிக்கிறவனைத்தான் திட்ட முடியும். வார்டு மெம்பர்னா வீட்டு வாசல்லேர்ந்து கத்துனா அவன் காதுல விழணும். அந்தத் தூரத்துல ஒருத்தன் இருந்தாத்தான் சாக்கடை ஓடும்."

அந்த நீலக் கதவு அறைக்குள் நான் பலமுறை போயிருக்கிறேன். கிளையில் வாக்கெடுப்பு நடந்தால் சீட்டுகளை எண்ணிச் சொல்வது என் வேலை. கட்சியில் சேராதவன், எண்ணத் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கண்ணை மூடினால் அந்த அறையின் வாசனை இப்போதும் வருகிறது. கொதிக்கும் பசை, ஈரக் காகிதம், மழையில் நனைந்து வந்தவர்களின் சட்டை. நாற்காலிகள் போதாமல் பாதிப்பேர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரோ ஒருவர், "ஒவ்வொருத்தரா பேசுங்கய்யா" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவார்.

வார்டுக்கு யார் நிற்பது என்பதை அந்தக் கிளை ஒரு வாளியை வைத்துத் தீர்த்துக்கொண்டது. சுவரொட்டிக்குப் பசை எடுத்துப் போகும் வாளிதான். அதைக் கழுவி வெயிலில் காயவைத்து மேசைமேல் வைப்பார்கள். அச்சகத்தில் வெட்டி எறிந்த காகித ஓரங்களில் ஆளுக்கொரு பெயர் எழுதி மடித்து உள்ளே போடுவார்கள். நான் எண்ணிச் சொல்வேன். ஒரு பக்கம் எண்ணிக்கை நடக்கும்போதே அறையின் மூலையில் அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருக்கும். முடிவு சொன்னதும் சீட்டுகளைக் கொட்டிவிட்டு அதே வாளியில் பசையை ஊற்றுவார்கள். அன்று மாலையே, கையால் எழுதிய முதல் சுவரொட்டியோடு எல்லாரும் வீதிக்கு இறங்குவார்கள். வாளியைத் தூக்க வேண்டியவர் தோற்றவர்.

இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதிலிருந்து யாரும் தப்பியதில்லை. லாரி வைத்திருப்பவர் தோற்ற வருடம், ஜெயித்த அச்சகக்காரருக்காக வாளி தூக்கினார். ஆள் மலைபோல இருப்பார். பாதிப் பசையைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். அடுத்த முறை அச்சகக்காரர் தோற்றார். ஒல்லியான உடம்பு, வாளி முழங்காலில் இடிக்க இடிக்க லாரிக்காரர் பின்னால் நடந்தார். "மச்சான், கொஞ்சம் மெதுவா நடய்யா, நீதான் ஜெயிச்சிட்டியே, எங்கே ஓடுற?" என்று அவர் கெஞ்சியதை வீதியே கேட்டுச் சிரித்தது. லாரிக்காரர் கட்டியிருப்பது அச்சகக்காரரின் அக்காவை.

பூட்டு அண்ணன் ஒவ்வொரு முறையும் நின்றார். ஒவ்வொரு முறையும் தோற்றார். வேறு யார் தோற்றாலும் கூடச் சேர்ந்து தோற்றவர் என்ற முறையில் வாளியின் பிடியில் அவர் கையும் இருக்கும். வலது விரல்களின் குறுக்கே அவருக்கு ஒரு காய்ப்பு உண்டு. அரம் பிடித்து வந்தது என்பார் அவர். வாளி பிடித்து வந்தது என்பார் மனைவி.

பிறகு மேலிடம் வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம் என்றது. பதவிகளுக்குப் பெயர்கள் பட்டியலாக வர ஆரம்பித்தன. முதல் பட்டியலில் பகுதிப் பொறுப்பு லாரிக்காரருக்கு வந்தது. அச்சகக்காரர் ஆட்களோடு வெளியே போனார். அடுத்த பட்டியலில் அது அச்சகக்காரருக்கு மாறியது. லாரிக்காரர் ஆட்களோடு வெளியே போனார். ஓட்டில் தோற்றவனுக்குத் தூக்குவதற்கு ஒரு வாளி இருந்தது. அதைத் தூக்கி இறக்குவதற்குள் பாதிக் கோபம் போய்விடும். பட்டியலில் விடுபட்டவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். மச்சான் என்ற சொல் போய் "அந்தாளு" வந்தது.

ஒருநாள் லாரிக்காரர் அறைக் கதவில் பூட்டுப் போட்டார். மறுவாரம் அச்சகக்காரர் அதற்குக் கீழே இன்னொன்று போட்டார். இரண்டு பூட்டும் வாங்கிய கடை ஒன்றுதான். வீதியில் வேறு பூட்டுக் கடை கிடையாது.

வாளி உள்ளே மாட்டிக்கொண்டது. நினைத்தால் இரண்டையும் பூட்டு அண்ணன் ஒரு கம்பியால் திறந்துவிடலாம். திறக்கவில்லை. "வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போது மூணாவது ஆள் திறந்தா அதுக்குப் பேரு வேற" என்பார்.

நகராட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தபோது அவர் நடையே மாறிவிட்டது. பூட்டுகளை இரண்டிரண்டு முறை இழுத்தார். அறிவிப்பு வந்த சில நாட்களில் மேலிடத்துப் பார்வையாளர் கடைக்கு வந்தார். நான் என் பெட்டிக்குச் சாவி போட அங்கே உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு கோஷ்டியும் தனித்தனியா மனு போடுவோம்னு நிக்கிறாங்க. போட்டா வார்டு போச்சு. அதனால உங்க பேரையே அறிவிச்சிடலாம்னு இருக்கோம்ணே. ரெண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்ல. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பூட்டு அண்ணன் நிமிரவில்லை. என் சாவியை அராவிக்கொண்டே இருந்தார். பல் தேவையான ஆழத்துக்கு இறங்கியது. அதையும் தாண்டி இறங்கியது. அவர் கை நிற்கவில்லை. கடைசியில் பல் உடைந்து கீழே விழுந்தது. அவர் கையில் ஒரு சாவி வீணாகி நான் பார்த்தது அன்று மட்டும்தான். உடைந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேரைப் போடுறதா இருந்தா வாளியில போடுங்க" என்றார். "அவங்க பேரும் கூட விழட்டும். எது நிறைய இருக்கோ அது நிக்கட்டும்."

பார்வையாளர் போனதும் மனைவி மேசையைத் தட்டினார். "செயலாளரே! வாழ்க்கை பூரா இதுக்குத்தானே ஏங்கினீங்க? வாசல் தேடி வந்ததை வாங்கிக்க என்ன கேடு? வாளியில போட்டா உங்களுக்கு எத்தனை விழும்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும்தான் தெரியும்."

"அப்புறம்?"

"அவங்க எதுக்கு எனக்குச் சரின்னாங்க? நான் நல்லவன்னா? இவனுக்குக் கிடைக்கலைன்னா போதும்னு அவன் சொன்னான், அவனுக்குக் கிடைக்கலைன்னா போதும்னு இவன் சொன்னான். அந்தச் சந்துல நான் நுழையணுமாக்கும். நுழைஞ்சா நாளைக்கு என் பின்னால வாளி தூக்கிட்டு யாரு வருவா?" என்றவர், உடைந்து விழுந்த சாவிப் பல்லைக் குனிந்து பொறுக்கியபடி மெதுவாகச் சொன்னார். "ஆசை இல்லாம இல்லடி."

மனைவி, பல் வெட்டாத புதுச் சாவி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். என் பெட்டிக்காக அவர் மறுபடி அராவ ஆரம்பித்தார்.

அவர் பெயர் இல்லையென்றால் இரண்டு மனு நிச்சயம் என்பதால், பார்வையாளர் வாளிக்கு இறங்கி வந்தார். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் உறுப்பினர்கள் நீலக் கதவின் முன் இரண்டு கும்பலாக நின்றார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடைவெளி. அச்சகக்காரர் முதலில் வந்து, கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்ததால் தடவித் தடவிச் சாவியை நுழைத்துத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

"யோவ், அது என் பூட்டு!" என்றார் லாரிக்காரர்.

அச்சகக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். திறந்து தொங்கிய மேல் பூட்டைப் பார்த்தார். பிறகு அதே சாவியைத் தன்னுடைய கீழ்ப் பூட்டிலும் போட்டார். அதுவும் திறந்தது. எல்லாத் தலைகளும் பூட்டு அண்ணன் பக்கம் திரும்பின.

"அடுத்தவன் சாவி சேரவே கூடாதுன்னு சொல்லித்தானே உங்கிட்ட வாங்கினேன்?" என்றார் லாரிக்காரர்.

"அவரும் அதையேதான் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேட்டீங்க. அதான், ரெண்டாவது பூட்டோட உள்பக்கத்தைக் கழட்டி முதல் பூட்டு மாதிரியே மாத்திக் கொடுத்தேன்."

"இத்தனை வருஷமா வாயத் திறக்கலியேய்யா!"

"திருட்டுத்தனமாவாவது ஒரு நாள் ஒருத்தர் மத்தவர் பூட்டுல சாவியைப் போட்டுப் பாப்பீங்கன்னு இருந்தேன். பூட்டிட்டுப் போனவங்கதான், ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரல."

முதலில் சிரித்தது அவர் மனைவி. அப்புறம் லாரிக்காரரின் தொப்பை குலுங்கியது. அச்சகக்காரர் மட்டும் சாவியை வெறித்துக்கொண்டு, "மாங்கா மடையனுங்க நாம" என்று முணுமுணுத்தார். அவர் "நாம" என்று சொன்னதை நான் கவனித்தேன்.

அறைக்குள் தூசி கணுக்கால்வரை எழுந்தது. வாளியின் அடியில் பழைய பசை பாறையாக உறைந்திருந்தது. சுரண்டிக் கழுவவே நேரமாயிற்று. எண்ணியதில் அச்சகக்காரருக்குப் பதினைந்து, லாரிக்காரருக்குப் பன்னிரண்டு, பூட்டு அண்ணனுக்கு நான்கு. நான் அதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"அந்த நாலுல நான் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மனைவி. "இவரு ஜெயிச்சுட்டா கடையில பூட்டைத் திறக்க நானா போவேன்?"

சிரிப்புக்கிடையே வாளியில் பசை நிறைந்தது. பூட்டு அண்ணன் பழக்கப்படி குனிந்து பிடியில் கை வைத்தார். லாரிக்காரர் அந்தக் கையை எடுத்து ஓரமாக விட்டார்.

"போதும்ணே. நீங்க தூக்கினதெல்லாம் போதும்." வாளியை ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற அச்சகக்காரரைப் பார்த்து, "நட மச்சான், ஏன் நிக்கிற? ஜெயிச்சவன்தானே முன்னால போகணும்" என்றார்.

கும்பல் இப்போது ஒன்றாக வீதியில் இறங்கியது. வழியெங்கும் பசை சொட்டிக்கொண்டு போனது. கடைசியாக வெளியே வந்த பூட்டு அண்ணன், தூக்குவதற்கு ஒன்றும் இல்லாத கைகளோடு சற்று நேரம் நின்றார். பிறகு நீலக் கதவைச் சாத்தினார். திறந்து தொங்கிய பூட்டுகளில் ஒன்றைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றதைக் கொண்டியில் மாட்டி அழுத்தி, கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.