அப்பா பாஸான கதை

இந்த ஊரில் பாஸ்போர்ட் எக்ஸ்பயர் ஆகலாம், அப்பா ஆகக் கூடாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து நூலகம் ஒன்றில், சனிக்கிழமை காலைகளில் நடக்கும் கதை எழுதும் வகுப்பில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மார்கரெட். "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்று நான் எழுதிக்கொண்டு போன முதல் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தாள். கூட இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். காலாவதியாவதற்கு உன் அப்பா என்ன தயிர் டப்பாவா என்று கேட்டாள். அடிக்கடி குழம்பும் சொற்கள் என்று அச்சடித்த தாள் ஒன்றை எனக்கு மட்டும் தனியாகக் கொடுத்தாள். லை வேறு, லே வேறு; அஃபெக்ட் வேறு, எஃபெக்ட் வேறு. பிறகு என் எக்ஸ்பயர்டை அடித்துவிட்டுப் பென்சிலால் பாஸ்ட் என்று எழுதினாள்; இறந்தவரை இங்கே பாஸ் ஆகிவிட்டார் என்பார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டை என்பது ஆடுமாட்டுக்கு, பெரியவர்களுக்கு எக்ஸ்பயர்ட் என்றுதான் எழுத வேண்டும் என்று எங்கள் ஊர் கீரமங்கலத்தில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் சொல்லியிருந்தார். லீவ் லெட்டர்களில் எத்தனையோ தாத்தாக்களை அந்த மரியாதையோடுதான் அனுப்பிவைத்தோம். பாஸ் என்றால் எங்களுக்குப் பரீட்சை. அப்பா எட்டாவதில் இரண்டு முறை தவறி, போதும் சாமி என்று பூக்கடையில் போய் உட்கார்ந்தவர். அவர் செத்த அன்று தம்பி போனில், "அப்பா தவறிட்டாங்கண்ணே" என்றான். தமிழில் தவறிப்போன மனிதரை மார்கரெட் ஒரு பென்சில் கோட்டில் பாஸாக்கிவிட்டாள். அந்த ஆளுக்கு வாழ்நாளில் யாரும் போடாத மார்க் அது.

தம்பி போனை வைத்ததும் இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். அது காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. புதுப்பித்துவிடு என்று அப்பாவே இரண்டு தடவை ஞாபகப்படுத்தியிருந்தார். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு அசட்டையாக இருந்தவன் நான்தான், இதில் எந்த நாட்டு அரசாங்கத்தையும் திட்ட வழியில்லை. என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் முதலில் போய் அந்தத் தேதியைப் பாருங்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். எனக்காகக் காத்துப் பார்த்துவிட்டு, என் வேலையைத் தம்பி செய்தான். அந்த நேரத்தில் நான் இங்கே ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதிக்கொண்டு போன கதை இதுதான்.

மார்கரெட்டுக்கு அது கதையாகவே படவில்லை. நாயகனுக்கு ஓர் ஆசை இருக்க வேண்டும், குறுக்கே ஒரு தடை வர வேண்டும், அவன் ஏதாவது செய்தாக வேண்டும், முடிவில் மாறியிருக்க வேண்டும். உன் ஆள் ஜன்னலோரம் சும்மா நிற்கிறானே என்றாள். தம்பி ஃபயர் வைத்தான் என்று நான் விளக்கியபோது, இது கொலைக் கதையா என்று ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். விஷயம் புரிந்ததும் ஆவல் வடிந்துவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு பாத்திரம் எதற்கு, இருவரையும் ஒருவனாக்கு என்றாள். அவள்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அன்றோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தம்பியை வெட்டினேன். விடியற்காலையில் கீரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரே மகனாகப் போய், அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். எழுதும்போது அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கைதட்டினார்கள். எல்லோர் கதையையும் சேர்த்து வகுப்பு அச்சிட்ட தொகுப்பில் அதை முதல் கதையாகப் போட்டார்கள்.

அப்பாவின் முதல் தெவசத்துக்குப் புதுப் பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போனேன். தம்பி ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். பெருமை தாங்காமல் புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். படையல் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசித்தான்.

"இங்கிலீஷ்ல ஒரு தப்பு இல்லண்ணே," என்றான். "தம்பி எங்க?"

மார்கரெட் சொன்ன விதியை அவனுக்கு விளக்கினேன். ஒரு வேலைக்கு இரண்டு பாத்திரம் ஆகாது என்று நானே நம்புகிறவன் போலப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க வரல. அதுக்கு நான் ஒரு நாளும் ஒங்கள ஒரு வார்த்தை கேக்கல. கொள்ளி வச்சது நான்ணே. மொட்டை போட்டு நின்னது நான். அதையும் எடுத்துக்கிட்டீங்களா?"

"கதைதானடா அது."

"கதை எழுதலண்ணே, கதை விட்ருக்கீங்க."

சட்டைப் பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "அடிங்க" என்றான். மார்கரெட்டிடம் வந்த கோபத்தில் கால்வாசிகூட அவனிடம் எனக்கு வரவில்லை. மகன் பஸ்ஸை விட்டு இறங்கிய வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அடித்தேன். அவன் சரிபார்த்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நான் கிளம்பும் நாள்வரை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

கீரமங்கலத்தில் இருக்கும் அந்த ஒரு பிரதியில் நான் வரவில்லை. இங்கே நூலகத்து அலமாரியில் பன்னிரண்டு பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் நான் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தம்பி பிறக்காத வீட்டுக்கு இன்னமும் நடந்து போய்க்கொண்டிருக்கிறேன்.