நாற்பத்தைந்தாம் வரி

1987இல் திண்டுக்கல்லில், கம்ப்யூட்டர் பார்த்தால்தான் ஜாதகம் என்று ஒரு காய்ச்சல் பரவியது. பரப்பியவள் அம்பிகா. பேகம்பூர் போகிற வழியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் லோயர், ஹையர் சொல்லிக்கொடுத்தேன். அவள் அடுத்த அறையில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தாள். திருமணப் பொருத்தம் பார்க்க அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். காலையில் கேசட்டைப் போட்டு ஏற்றி, ‘ரன்’ என்று அடித்தால் போதும். பெண்ணின் நட்சத்திரம் கேட்கும், பையனின் நட்சத்திரம் கேட்கும், பத்துக்கு எத்தனை என்று அச்சடித்துத் தரும்.

ஒரே பையனுக்கு மூன்று பெண்களைப் பார்க்க வந்த ஜக்கம்மாளுக்கு மூன்று தாளிலும் எட்டு வந்தது. “எம்மவனுக்கு எவளக் கட்டுனாலும் ஒத்துப்போகும்” என்று பூரித்துப் போனாள். நாங்களும் சேர்ந்து பூரித்தோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

கேசட் பிளேயரைப் பழுது பார்க்க வருவான் காமராஜ். தாடிக்கொம்பில் ரேடியோ கடை வைத்திருந்தான். நன்றாக ஓடிய பிளேயரும் வாரம் ஒருமுறை பழுதானபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அம்பிகாவின் அப்பா ஆண்டிச்சாமியிடம் பேச்சு போனது. அவர் ஊர் ஜோசியர்கள் எல்லோரோடும் சண்டை போட்டு முடித்தவர். “எம்மக மிசின் சரின்னு சொல்லட்டும், கட்டி வைக்கிறேன். இல்லேன்னா கிடையாது” என்று சொல்லிவிட்டார்.

அவள் ஆயில்யம், அவன் கேட்டை. ‘ரன்’ அடித்தாள். ரஜ்ஜு இல்லை என்று திரையில் வந்தது. ரஜ்ஜு இல்லையென்றால் தாலி நிலைக்காது என்பார்கள். ஆண்டிச்சாமிக்கு மற்ற ஒன்பதும் அப்புறம்தான். அம்பிகாவின் முகம் செத்துவிட்டது. கணக்கில் பிழை இருக்காதா என்ற நப்பாசையில் ‘லிஸ்ட்’ அடித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

பிழை இருந்தது. பேசிக்கில் எண் போடாமல் அடிக்கிற வரியை மெஷின் அப்போதே செய்துவிட்டு மறந்துவிடும். எண் போட்டு அடித்தால் வைத்துக்கொள்ளும். எழுதுகிற காலத்தில், ஒவ்வொரு தடவையும் நட்சத்திரம் அடிக்கச் சோம்பல்பட்டு, பெண்ணின் நட்சத்திரம் ஆயில்யம் என்று 45ஆம் வரியில் போட்டுச் சோதித்திருக்கிறாள். எடுக்க மறந்து, அப்படியே கேசட்டில் பதிந்துவிட்டாள். ஒரு வருஷமாக மெஷின் எல்லோரிடமும் மரியாதையாக நட்சத்திரம் கேட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயில்யத்துக்கே பொருத்தம் பார்த்திருக்கிறது. ஊரிலேயே ஒரே ஒருத்திக்குத்தான் அது சரியாகச் சொன்னது. அவளுக்குத்தான் இல்லை என்றும் சொன்னது.

பிறகு 45ஆம் வரியில் ரோகிணி என்று மாற்றி மறுபடி ‘ரன்’ அடித்தாள். ரஜ்ஜு உண்டு, பத்துக்கு ஏழு. தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்து, அப்பாவிடம் காட்ட மடித்துப் பையில் வைத்தாள். அப்புறம்தான் அந்த வரியை அழித்து, கேசட்டில் புதிதாகப் பதிந்தாள்.

“ஏடி, பயமா இல்லையா?” என்றேன்.

“எப்படி இல்லாம இருக்கும்?” என்றாள். “ஆனா இந்த ஊர்ல அம்புட்டுப் பேரும் ஒரு வருசமா என் நட்சத்திரத்துலதான கல்யாணம் பண்ணி நல்லா இருக்காக? நான் ஒருத்தி ரோகிணியில இருந்துட்டுப் போறேன்.”