அவள் வைத்த கடவுச்சொல்

டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் பிராண்டேயில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் காற்றாலைகளுக்குத் தலை இருக்காது. தண்டு மட்டும் வயலில் நிற்கும். மேலே எங்கோ இறக்கைகள் சுற்றிக்கொண்டிருப்பதாக நாங்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். மனைவி இறந்த பிறகு எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்தது.

அவள் அந்தக் காற்றாலைகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவள். கூட வேலை செய்த டேனிஷ்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, பிட்காயின் மலிவாகக் கிடைத்த காலத்தில் கொஞ்சம் வாங்கினாள்.

"காத்தாலை செய்து உழைச்ச காசிலை காத்தையே வாங்கிறீர்" என்று நான் சிரித்தேன்.

அவளுடைய பழைய மடிக்கணினியில் அந்த பிட்காயின் பணப்பையின் பேக்கப் கோப்பு கிடப்பதை இந்தக் குளிர்காலத்தில்தான் மகள் கண்டுபிடித்தாள். காசைத் திறக்கும் பிரைவேட் கீ என்கிற சாவிகள் எல்லாம் அதற்குள்தான். ஆனால் மனைவி கோப்புக்கே ஒரு கடவுச்சொல் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். காசு வந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. என்றாலும் அவள் தேர்ந்தெடுத்த ஒரு சொல் நான் அறியாமலே அழிந்துபோகுமோ என்றுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மகள் ஹோர்சன்ஸிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பிள்ளைகளின் பெயர், மனைவியின் அம்மாவின் பெயர், கும்பிட்ட அம்மன், படித்த பள்ளிக்கூடம், வளர்த்த பூனை. ஒன்றும் சரிவரவில்லை. மூட்டம் யன்னலில் வந்து சாய்ந்திருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. குசினிக்குள் அடுப்படியில் நின்று மனைவி "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. கலியாணமான நாள் தொட்டு எனக்கு அதுதான் பெயர்.

"அப்பா, உங்கட பேரை அடிச்சுப் பாப்பமே?" என்றாள் மகள்.

"உனக்கென்ன விசரே? கொம்மா ஒருநாளாவது என்ரை பேரைச் சொன்னவவோ? ஆஸ்பத்திரியிலை கேட்டாலும், நீ சொல்லெண்டு உன்னையெல்லோ காட்டுவா."

டென்மார்க்கில் பிறந்தவளுக்கு அது விளங்காது. தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டினாள்.

திரை சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு எழுத்தும் இலக்கமுமாக, நீள நீளமாகச் சாவிகள் இறங்கி வந்தன.

மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்ல, "எவ்வளவு இருக்கெண்டு பாப்பமே?" என்று கேட்டாள்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. அந்தப் பணப்பையைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

"அதைப் பிறகு பாப்பம் பிள்ளை. அம்மா அடிச்சமாதிரி என்ரை பேரை இன்னொருக்கா அடி" என்றேன்.