ஈர உப்பின் வெள்ளை

மரக்காணம் உப்பளத்தில் அன்று எனக்கு ஒரே வேலை: கேமரா பிடிக்கும் வெளிச்சம் அளவை மீறாமல் பார்த்துக்கொள்வது. மிகுந்த வெளிச்சத்திலும் நுணுக்கம் காட்டும் ஹெச்டிஆர் முறையில் எடுக்கும் ஆவணப்படம். வெளிச்சத்தின் அளவை நிட்ஸ் என்ற அலகில் சொல்வோம். வெயிலில் பிடித்த வெள்ளை அட்டை இருநூற்று மூன்று நிட்ஸில் நிற்க வேண்டும். மினுக்கங்களுக்கு ஆயிரம் வரை இடம். அதற்கு மேல் போனால் உப்புப் பரல்கள் மறைந்து வெறும் வெள்ளைப் பூச்சுதான் மிஞ்சும். முந்தைய படத்தில் இதே தவறு செய்தவரை இயக்குநர் பாதியிலேயே அனுப்பியது எனக்குத் தெரியும்.

காலையில் பட்டியலில் பதினொரு பொருளுக்கும் டிக் போட்டிருந்தேன், அட்டைக்கும் சேர்த்து. அது மட்டும் ஈசிஆர் சாலையில் நின்ற வேனிலேயே தங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பாத்தியில் அப்போதுதான் வாரி ஒதுக்கிய உப்பும் வெள்ளைதானே என்று அதையே இருநூற்று மூன்றில் நிறுத்தினேன்.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மேற்கே இன்னும் வெயில். பருவத்தின் கடைசி உப்புக் குவியலைத் தென்னங்கீற்றால் மூடப்போகிறார்கள்; அதைப் படம்பிடிக்க ஒரே வாய்ப்பு.

கேமரா குவியல் பக்கம் திரும்பியதும் என் திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் கோடு ஏறி, ஆயிரத்தில் முட்டித் தட்டையாக நின்றது.

கீற்றோடு நின்ற உப்பளத்து அக்காவிடம் கேட்டேன். “இது ஏன்க்கா பாத்தில இருக்கறதவிட இவ்ளோ வெள்ள?”

“அதுல தண்ணி சொட்டுதும்மா, சாம்பலாத்தான் தெரியும். இது காஞ்சது.”

இயக்குநர் பக்கம் திரும்பினேன்.

“சார், நிறுத்துங்க. தப்பு என்னோடது. அட்டை வேன்ல இருக்குது. ஈர உப்ப வெச்சு அளவு பாத்துட்டேன்.”

“இப்பவா சொல்ற?” என்றார் இயக்குநர்.

அக்கா வானத்தைப் பார்த்தார். “உங்க படம் முடியற வரைக்கும் மழ காத்துட்டு நிக்குமா? நாங்க மூடறோம்.”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

வேனுக்குப் போய்வர நேரமில்லை. லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஐரிஸைச் சுருக்கும்படி கேமராமேனிடம் சொன்னேன். கோடு இறங்கியது. பரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

“அந்தம்மா மூஞ்சி இருட்டா போச்சே,” என்றார் கேமராமேன்.

“அத அப்புறம் கலரிங்ல தூக்கிடலாம்ணா. வெளுத்துப்போன உப்பு திரும்ப வராது.”

இயக்குநர் எடுக்கச் சொல்லிக் கையசைத்தார்.

முதல் கீற்று விழுந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கீற்றின்போது கோடு ஒருமுறை துள்ளி, முட்டாமல் இறங்கியது. கடைசிக் கீற்றுக்குத் தூறல் போட்டது. கோடு தானாகச் சரிந்தது.

சாலைக்கு நடக்கும்போது இயக்குநர் ஒன்றுதான் சொன்னார்: “நாளைக்கு அந்த அட்ட உன் கழுத்துல தொங்கணும்.”

வேனில் ஏறியதும் அட்டையின் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தேன்.