உப்பு விழுந்த தட்டு

போன ஆவணியில், ஓசூரை ஒட்டிய எங்கள் சொந்த வீட்டில் ஒரு மத்தியானம் நடந்தது இது.

மாடியில் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அப்பாவுக்குக் கம்பெனி வேலை, மகள் பிளஸ் ஒன். அந்தப் பெண் தளிப் பக்கத்து ஓடையில் பிடித்த தட்டைப்புழுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். வாலை வெட்டிப் போட்டால் அந்த வாலுக்கே புதுத் தலை முளைக்குமாம். முளைக்க வைப்பது குருத்தணு என்றாள். வாழைக்குக் குருத்து மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

மாடியில் சிமெண்ட் ஷீட் கூரை கொதிக்கும் என்று தட்டை எங்கள் சமையலறையில் வைத்திருந்தாள். முதலில் பிடித்தவை குழாய்த் தண்ணீர் மருந்தில் செத்துப்போயின. இரண்டாம் முறை பிடித்தவற்றின் வால்துண்டுகளுக்கு அப்போதுதான் கண் முளைத்திருந்தது. மறுநாள் கிருஷ்ணகிரியில் அறிவியல் கண்காட்சி.

என் மருமகள் கர்நாடகத்து ஆனேக்கல்காரி. அன்றுதான் பிறந்த வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. தட்டின் மூடியைத் திறந்தவள் அலறினாள்.

"அத்தே, ஜிகணெ! அட்டைப்பூச்சி!"

நான் எழுந்து வருவதற்குள் உப்பைத் தூவிவிட்டாள்.

"அடியே, அது மேல்வூட்டுப் பொண்ணோட பரிச்சைப் புழு!"

"புழுவுக்கு ஏது அத்தே பரிச்சை?" என்றாள்.

புழுக்கள் சுருண்டன. துண்டுகள் போய்விடாமல் உப்புத் தண்ணீரைச் சாய்த்தேன். பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்று பாத்திரம் கழுவக் குழாய்த் தண்ணீர், மற்றது புழுவுக்கான கிணற்றுத் தண்ணீர். பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். மருமகளுக்குக் கன்னட எழுத்துதான் தெரியும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இரண்டு பெயருமே 'க'வில்தான் தொடங்கின. மேலே சுழியா, கீழே சுழியா? பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"பேக, சீக்கிரம் ஊத்துங்க அத்தே, சாவுது!"

"இருடி, எழுத்துக்கூட்ட வுடு. கி... ண... று."

ஊற்றினேன், சாய்த்தேன், மறுபடி ஊற்றினேன். எதுவும் அசையவில்லை.

பள்ளிவிட்டு வந்த பெண்ணிடம் மருமகளே சொல்லி அழுதாள். அந்தப் பெண் லென்ஸை எடுத்துக் குனிந்தாள். நாங்களும் குனிந்தோம்.

"ஆச்சி, ஒண்ணு நெளியுது! தலையும் இருக்கு!"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

அந்த ஒன்றுதான் மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போனது. கையெழுத்துப் போட மட்டும்தான் என்று நான் வைத்திருந்த படிப்பு, ஒரு பெண்ணின் உழைப்பு சாகக் கிடந்த நேரத்தில் கைகொடுத்தது. இப்போதெல்லாம் பஸ்ஸின் பெயர்ப்பலகையை யாரிடமும் கேட்பதில்லை, நானே நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.