கேமராவுக்குப் போட்ட பாதை

போன ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து என் நாத்தனார் வசந்தி வந்திருந்தாள். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள். உப்பு மூட்டை ஏற்றும் எங்கள் வேனைக் கழுவித் துடைத்து என் கணவர் குமார் ஓட்ட, கிளம்பினோம். என் சக்கர நாற்காலியும் பின்னால் ஏறிக்கொண்டது.

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. அந்தக் கோட்டைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அதாவது... வாசல் மணல் வரைக்கும். அதற்கு மேல் சக்கரம் புதைந்துவிடும். மற்றவர்கள் உள்ளே போய்விட்டு வந்து, "சூப்பரா இருக்குது!" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள்? ஒவ்வொருவர் காலையும் பார்த்து எரிந்துகொண்டிருப்பேன்.

அன்றைக்கு உள்ளே ஏதோ ஷூட்டிங். வண்டி நிற்கும் இடத்திலிருந்து உடைந்த மதில் வழியாக மேடு வரைக்கும் மணல் மேல் பலகை பரப்பியிருந்தார்கள். அதன்மேல் நாலு பேர் கேமராவை வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். குலுங்காமல், நோகாமல்... குடை வேறு!

மனிதர்கள் மேல் பொறாமைப்பட்டுப் பழக்கம் உண்டு. ஒரு மெஷின் மேல் அன்றைக்குத்தான்.

"ஏங்க, அந்தப் பலகை மேல என்னையும் தள்ளிட்டுப் போலாமே?"

"விட மாட்டாங்க கலா. எதுக்கு வம்பு?" என்றார் குமார்.

எதுக்கு வம்பா? அவருக்கென்ன, கால் இருக்கிறது!

பலகைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆளை நானே கூப்பிட்டேன். கோட்டக்குப்பத்துத் தச்சராம், காதர் பாய்.

"பாய், நானும் ஒரு தடவை இதுல மேல போய்ட்டு வந்துடறேனே?"

நாற்காலியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "தாங்கும்மா. சாப்பாட்டு பிரேக் விடட்டும், நானே தள்றேன்."

பிரேக் விட்டதும் ஷூட்டிங் மேனேஜர் ஓடி வந்தார். "அந்தம்மா மட்டும்தான். வேற யாரும் உள்ள வரக்கூடாது!"

குமாரும் வசந்தியும் ஷூட்டிங்குக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே போனேன்!

சுனாமியில் இடிந்தது போக மிச்சமிருந்த சுவர். செங்கல்லைத் தொட்டேன், கொதித்தது. கையை எடுக்கவில்லை. கீழே கழிமுகம், படகுகள், ஒரு மணல் திட்டு, அதற்கப்புறம் கடல். இத்தனை வருஷமாக எல்லோரும் இதைத்தான் பார்த்தார்களா? இன்னும் கொஞ்ச நேரம் என்று பாயைக் கெஞ்சிக் கெஞ்சி, ஷூட்டிங் ஆட்கள் கை கழுவிவிட்டு வரும் வரை அங்கேயே இருந்தேன்.

சாயங்காலம் பலகைகளை லாரியில் ஏற்றினார்கள்.

"இங்கயே கிடக்கட்டுமே பாய்?"

"செஞ்சிக் கோட்டைல வேணும்மா. நாளைக்கு அங்கதான் ஷூட்டிங்."

ஆக, மணலோ மேடோ பெரிய விஷயமே இல்லை. யாருக்காக வழி போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

திரும்பும்போது அந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. செஞ்சியில் நான் அடிவாரம்கூடத் தாண்டியதில்லை.

"ஏங்க," என்றேன் குமாரிடம், "அந்த லாரி பின்னாடியே போங்க!"